எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது. மூச்சு ஏன் இரைக்கிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. பீடி, சிகரெட் பக்கமே போகாதவர். முப்பது ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்திருக்கிறார். இரண்டு ஆண்டுகளாக இருமலும் சளியும் விடவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள். இப்போது ஒரு மருத்துவர், சி.ஓ.பி.டி. ஆக இருக்கலாம், ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்யுங்கள் என்கிறார். எக்ஸ்ரேயில் தெரியாதது ஊதினால் தெரியுமா?
- வாசகி, பெரியகுளம்

பதில்: தெரியும். சொல்லப்போனால், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயான சி.ஓ.பி.டி.யை அதை வைத்துத்தான் உறுதிப்படுத்த வேண்டும். இந்த நோயில் சிறிய மூச்சுக்குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று வெளியேறத் திணறுகிறது. அந்தத் திணறலை எக்ஸ்ரே காட்டாது. ஆரம்ப நிலையில் படம் சுத்தமாகவே இருக்கும். அதற்காக எக்ஸ்ரே வீண் என்று நினைக்காதீர்கள். இருமலுக்குக் காரணம் காசநோயா, கட்டியா, இதயக் கோளாறால் கோத்த நீரா என்று பார்க்க அது தேவை. சளிப் பரிசோதனையும் அதற்காகத்தான்.

ஸ்பைரோமெட்ரி என்பது அந்த ஊதும் பரிசோதனையின் பெயர். மூக்கில் கிளிப் மாட்டி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, குழாயை உதடுகளால் இறுக்கிக்கொண்டு, ஒரே வீச்சில் பலம் கொண்ட மட்டும் ஊத வேண்டும்; காற்று தீரும்வரை, ஆறு நொடியாவது, விடாமல் ஊத வேண்டும். ஊதுகுழலால் அடுப்பை ஊதிப் பழகியவர்கள் இங்கேயும் அதேபோல் நிதானமாக ஊதிவிடுகிறார்கள். அப்படி ஊதினால் கணக்கு தவறிவிடும். அம்மாவுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். குறைந்தது மூன்று முறை சரியாக ஊதச் சொல்வார்கள். நடுவில் தலைசுற்றினால் உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம்.

பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்தை உறிஞ்சவைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதவைப்பார்கள். முடிவைச் சொல்வது இந்த இரண்டாவது அளவுதான். சில இடங்களில் இதைச் செய்யாமலே அனுப்பிவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள். மொத்தம் ஊதிய காற்று 2 லிட்டர், அதில் முதல் நொடியில் வந்தது 1.1 லிட்டர் என்றால் விகிதம் 0.55. மருந்துக்குப் பிறகும் இது 0.7-க்குக் கீழே நின்றால் அடைப்பு நிலையானது. அறிகுறிகளும் புகைப் பழக்கமோ அடுப்புப் புகையோ சேர்ந்திருந்தால் சி.ஓ.பி.டி. என்று கொள்ளலாம். ஆஸ்துமாவில் மருந்துக்குப் பின் அளவு நன்றாக ஏறும், முழுக்கச் சீராவதும் உண்டு. விகிதம் 0.6-க்கும் 0.8-க்கும் இடையில் இருந்தால் இன்னொரு நாள் மீண்டும் பரிசோதிப்பது நல்லது.

அம்மா இப்போது இன்ஹேலர் எடுக்கிறாரா? அப்படியென்றால் எத்தனை மணி நேரத்துக்கு முன் நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம். அண்மையில் மாரடைப்பு, கண் அறுவை சிகிச்சை, சளியில் ரத்தம் என எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பரிசோதனையைத் தள்ளிப்போடுவார்கள்.

அடுப்புப் புகையைப் பற்றியும் நீங்களாகவே சொல்ல வேண்டும். 'சிகரெட் பிடிப்பீர்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற பதில் வந்ததும் பேச்சு அங்கேயே முடிந்துபோவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். எத்தனை ஆண்டுகள், விறகா வறட்டியா, புகைபோக்கி இருந்ததா என்பதெல்லாம் நோயைக் கண்டுபிடிக்கும் தடயங்கள். முன்பு காசநோய் வந்திருந்தால் அதுவும் முக்கியம். ஆறிய காசநோய்கூட மூச்சுக்குழாயில் அடைப்பை விட்டுச்செல்லும்.

சி.டி. ஸ்கேன் எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஊதும் அளவும் மூச்சிரைப்பும் ஒன்றோடொன்று பொருந்தாதபோதோ, சளி அளவுக்கு மீறி வரும்போதோ கேட்பார்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 92 அல்லது அதற்குக் கீழே இருந்தால் தமனி ரத்தத்தைப் பரிசோதிப்பார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் விசாரியுங்கள். முடிவு வந்ததும் வரைபடத்தோடு கூடிய தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஆண்டு ஊதும்போது அம்மாவின் மூச்சு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அந்தத் தாளோடுதான் ஒப்பிட வேண்டும்.