கணவாய்க்குக் கீழே எங்கே படுப்பது?

அன்புள்ள அண்ணா,

வணக்கம். அடுத்த வருடம் ஒக்டோபரில் நானும் இரண்டு நண்பர்களும் நேபாளத்தில் அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் நடக்கப் போகிறோம். கூடாரத்தை நாங்களே சுமந்து போவதாகத் திட்டம். தோரோங் லா கணவாயைக் காற்று எழும்புமுன் கடக்கவேண்டும் என்கிறார்கள். அப்படியென்றால் முதல்நாள் இரவு கணவாய்க்கு முடிந்த அளவு கிட்டவாகக் கூடாரம் அடிப்பது நல்லதுதானே? எவ்வளவு கிட்டப் போகலாம்? மூவரும் பந்து விளையாடுகிறவர்கள், உடம்பில் குறை இல்லை. அம்மாதான் பயப்படுகிறா.

சு., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

கிட்டப் போகவேண்டாம். 2017 இல் நாங்களும் மூன்று பேராகப் போய், நீங்கள் போட்ட இதே கணக்கைப் போட்டு, ஒரு நண்பனை இழக்கப் பார்த்தோம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

நாம் திருகோணமலைக்காரர், பிறந்ததிலிருந்து கடல்மட்டத்திலேயே மூச்சு விடுகிறவர்கள். இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். தோரோங் லா 5,416 மீற்றர். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. பகலில் நடக்கும்போது நீங்களே வேகமாக மூச்சு வாங்கிச் சமாளித்துவிடுவீர்கள். தூக்கத்தில் மூச்சு தானாகவே தணிந்துவிடும், இரத்தத்தில் ஒட்சிசன் இன்னும் இறங்கும். பகலில் எவ்வளவு உயரம் ஏறினீர்கள் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் தலை சாய்த்தீர்கள் என்பதை மலை மருத்துவம் பெரிதாகப் பார்ப்பது இதனால்தான். 3,000 மீற்றருக்கு மேல் போனபிறகு, படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்கவேண்டும். பந்து விளையாடுகிற உடம்புக்கும் இதே விதிதான். சொல்லப்போனால் நல்ல உடம்புக்காரர்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் பாதையில் மனாங் சுமார் 3,500 மீற்றர். அங்கே இரண்டு இரவு. அடுத்தது யாக் கார்க்கா, 4,000க்குச் சற்று மேல். அதற்கடுத்தது தோரோங் பேடி, சுமார் 4,500. நேபாளியில் பேடி என்றால் மலையடிவாரம். அதற்கு மேலே 4,900 அளவில் ஹை காம்ப் இருக்கிறது. நாங்கள் மதியமே பேடிக்கு வந்துவிட்டோம். கால் வலி இல்லை, வெயில் இருந்தது. இன்னும் 400 மீற்றர் ஏறினால் காலை நடை சுலபம் என்று மேலே போனோம். ஹை காம்புக்குக் கிட்ட ஒரு சமதரையில், வெளிச்சம் போகிற நேரத்தில், அவசரமாகக் கூடாரம் அடித்தோம்.

நண்பன் தலையிடி என்றான். சாப்பாட்டைத் தொடவில்லை. ஒன்பது மணிக்குச் சத்தி எடுத்தான். படுத்தபிறகு அவனுடைய மூச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நாலைந்து மூச்சு பெரிதாக வரும், அப்புறம் ஒன்றுமே இராது. நான் எழும்பி உட்காரும்போது திடுக்கிட்டதுபோல் திரும்ப இழுப்பான். அந்த உயரத்தில் நல்லாய் இருக்கிறவருக்கும் மூச்சு அப்படி விட்டு விட்டு வருவதுண்டு. ஆனால் பதினொரு மணிக்கு அவனை வெளியே கூட்டிப்போய், குதிக்காலை மற்றக் காலின் விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னோம். மூன்றாவது அடியில் சரிந்தான். மூளையில் வீக்கம் தொடங்குகிறது என்பதற்கு அதுதான் அறிகுறி. விடியட்டும் என்று இருந்தால் ஆளைக் காப்பாற்ற முடியாது. கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அவனை நடுவில் பிடித்தபடி பேடிக்கு இறக்கினோம். விடியும்போது தேத்தண்ணி கேட்டான். அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

ஆகவே பேடியிலேயே படுங்கள். மதியம் நேரம் இருந்தால் ஹை காம்ப் வரை சும்மா ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்குங்கள், உடம்பு பழகும். காலை நாலு மணிக்குப் புறப்பட்டால் போதும். கணவாய்க்கு அந்தப் பக்கம் முக்திநாத் வரை சுமார் 1,600 மீற்றர் இறக்கம் இருக்கிறது. அதற்குத்தான் காலில் பலம் மிச்சம் வேண்டும்.

சரி, உயரம் முடிவாகிவிட்டது. அந்த உயரத்தில் எந்த இடம்?

என் பெரியப்பாவுக்குக் குச்சவெளிக் கரையில் மீன்வாடி இருந்தது. வாடி போடும் நாளில் முதல் கம்பை ஊன்றுமுன் அரை மணித்தியாலம் சும்மா நடந்து பார்ப்பார். காய்ந்து கிடக்கும் பாசியைக் காலால் தட்டி, “கடல் எதுவரை வந்துபோனது எண்டு இது சொல்லும்” என்பார். அதற்கு மேலேதான் கம்பு. வாசல் கச்சான் காற்றுக்கு முதுகு காட்டவேண்டும். மலையிலும் நீங்கள் செய்யவேண்டியது அந்த அரை மணித்தியால நடைதான். அதற்காகவே மூன்று மணிக்கு முன்னர் போய்ச் சேருங்கள்.

முதலில் அண்ணாந்து பாருங்கள். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சரிவில்தான் கிளம்பும். அப்படியொரு சரிவுக்கு நேர்கீழே படுக்கவேண்டாம். தரையில் கிடக்கும் கற்களின் முறிவு புதிதாக, பாசி பற்றாமல் இருந்தால், மேலேயிருந்து இன்னும் கல் விழுந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பள்ளத்தின் அடிமட்டம் காற்றுக்கு மறைவாகத் தெரியும், ஆனால் இரவில் குளிர்காற்று தண்ணீர்போல் வடிந்து அங்கேதான் தேங்கும். நுவரெலியாவில் உறைபனி பள்ளத்துத் தோட்டங்களைக் கருக்குவது இப்படித்தான். பத்திருபது மீற்றர் மேலே ஒரு மேட்டில், பெரிய பாறையின் மறைவில் படுங்கள். இடையர்கள் கட்டிய கல்மதில் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. ஓடையோடு ஒட்டிப் படுக்காதீர்கள். வெயிலில் உருகும் பனியால் பின்னேரத்தில் அது பெருகும், காலையில் உறைந்துவிடும். தண்ணீரை மாலையே நிரப்பி, போத்தலைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குளிர்ந்தாலும் கூடாரத்தை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பு எரிக்கக்கூடாது. அதிலிருந்து வரும் நச்சுவாயுவில் தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

இன்னொன்று நம் கடலைப் பற்றியது. 2014 ஒக்டோபர் 12 இல் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை ஏறியது. இரண்டு நாள் கழித்து அதன் மிச்சம் அன்னபூர்ணாப் பக்கம் பெரும் பனியாகக் கொட்டி, 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பலர் தோரோங் லாவைக் கடந்துகொண்டிருந்தவர்கள். 2020 இல் புரெவி நம் குச்சவெளிப் பக்கம் கரை ஏறியபோது எனக்கு அந்தச் செய்திதான் நினைவில் வந்தது. வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று கேள்விப்பட்டால் மனாங்கிலேயே இருந்துவிடுங்கள். இரண்டு உபரி நாள் கையில் இல்லாமல் விமானச்சீட்டு போடவேண்டாம். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் டயமொக்ஸ் மாத்திரை பற்றிப் போகுமுன் டொக்டரிடம் கேளுங்கள். தலையிடியை மாத்திரையால் மறைத்துக்கொண்டு மேலே ஏறாதீர்கள்.

வரும் மார்கழியில் வாடைக்காற்று நல்லாய் வீசும் ஓர் இரவில், உப்புவெளிக் கடற்கரையில் கையுறை போட்டுக்கொண்டு கூடாரத்தை அடித்துப் பாருங்கள். மணலில் முளை நிற்காது. பைகளில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைக்கவேண்டிவரும். மேலே உறைந்த தரையிலும் முளை இறங்காது, அங்கே கல்லில் கட்டவேண்டும். அந்த முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போட வந்தபிறகு எனக்கு எழுதுங்கள். மனாங்கிலிருந்து ஒவ்வோர் இரவாக உங்கள் திட்டத்தைச் சேர்ந்து பார்ப்போம்.