ஈட்டி மரத்தில் வார்னிஷ் ஏன் காயவில்லை?

கேள்வி: ஈட்டி மரத்தில் செய்த சின்ன மேசைக்கு, இருப்பதிலேயே விலை கூடிய பாலியூரித்தேன் வார்னிஷ் வாங்கி அடித்தேன். ஆறு மணி நேரத்தில் காயும் என்று டப்பாவில் போட்டிருந்தது. பத்து நாள் ஆகியும் கை வைத்தால் ஒட்டுகிறது. அதே வார்னிஷை வேறொரு மரத்துண்டில் அடித்தேன், மறுநாளே காய்ந்துவிட்டது. இன்னொரு கோட் அடித்தால் சரியாகுமா, வேறு ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: இன்னொரு கோட் மட்டும் அடித்துவிடாதீர்கள். அதுவும் ஒட்டிக்கொண்டே கிடக்கும். வார்னிஷில் குறையில்லை என்பதை நீங்களே சோதித்துவிட்டீர்கள். அது இந்த மரத்துக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

உங்களுடையது போன்ற எண்ணெய் வார்னிஷில் இருக்கும் தின்னர் ஆவியானால் பாதி வேலைதான் முடிகிறது. அதன் பிறகு உள்ளே உள்ள எண்ணெய், காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுக வேண்டும். ஈட்டி, கொக்கபோலோ போன்ற டால்பெர்ஜியா இன மரங்களின் பிசினில் உள்ள சில பொருள்கள் அந்த இறுகலையே தடுத்துவிடும். தேக்கிலும் எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் பூச்சு சரியாகப் பிடிக்காமல் பின்னாளில் உரிந்து வரலாம்.

பத்து நாள் காத்திருந்தது போதும். பிசுபிசுப்பை மழுங்கலான தகட்டால் வழித்தெடுத்து, மிச்சத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். நன்றாக உலர்ந்ததும் 220 எண் உப்புத்தாளால் தேயுங்கள். முகமூடி கட்டாயம். இந்த இன மரத்தூள் பலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். அப்புறம் அசிட்டோனால் ஒருமுறை துடையுங்கள். அது மேலே உள்ள எண்ணெயை மட்டும்தான் எடுக்கும், உள்ளே இருப்பது மெல்ல மேலேறி வரும். ஆகவே அசிட்டோன் ஆவியானதும் தாமதிக்காமல் அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

அந்த அடுத்த வேலைதான் முக்கியம்: மெழுகு நீக்கிய ஷெல்லாக், அதாவது அரக்கு. இது ஸ்பிரிட் (ஆல்கஹால்) ஆவியாகிக் காய்வது, ஆக்சிஜனை நம்பியிருப்பதில்லை. அதனால் ஈட்டியின் மேலும் காயும். மரத்தின் எண்ணெய்க்கும் வார்னிஷுக்கும் நடுவே சுவர் போலவும் நிற்கும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் சுமார் 120 கிராம் அரக்குச் செதில் கரைத்து, மெல்லிசாக இரண்டு கோட் கொடுங்கள். காய்ந்ததும் 320 எண் தாளால் லேசாகத் தடவிவிட்டு, அதே வார்னிஷையே அடிக்கலாம். நீங்கள் கொடுத்த பணம் வீணாகாது. சாதாரண அரக்கு வேண்டாம், அதிலுள்ள மெழுகின் மேல் பாலியூரித்தேன் சரியாகப் பிடிக்காது.

செதிலாக வாங்கித் தேவைக்கு மட்டும் கரைப்பதே நல்லது. கரைத்து வைத்த அரக்கு மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போய்க் காயாது. சந்தேகமிருந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டு உலர விடுங்கள். காய்ந்த பிறகும் நகம் பதிந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

இனி வாங்கும்போது விலையைப் பார்க்காமல், டப்பாவின் பின்பக்கத்தில் எதைக் கலந்து இளக்கச் சொல்கிறார்கள் என்று படியுங்கள். டர்பன்டைன் என்றிருந்தால் அது ஆக்சிஜனில் இறுகும் ரகம், இந்த மரங்களுக்கு அரக்குச் சுவர் தேவை. தனியாக ஹார்டனர் கலக்கும் இரண்டு டப்பா பியூ (பாலியூரித்தேன்), ஆக்சிஜனை எதிர்பார்க்காமல் அந்த இரண்டும் வினைபுரிந்தே இறுகும். ஆனால் அதன் புகை கெடுதலானது, வீட்டுக்குள் வைத்து அடிக்க நான் சொல்லமாட்டேன். தண்ணீர் கலக்கும் ரகமும் காய்ந்துவிடும், பிடிப்புக்காக அதற்கும் அரக்கு அடித்துவிடுங்கள். மூன்றிலும் ‘பாலியூரித்தேன்’ என்றே பெரிய எழுத்தில் போட்டிருக்கும். ஏமாறுவது அங்கேதான்.

எதை வாங்கினாலும் முதலில் அதே மரத்தின் கழிவுத் துண்டில் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: வெளியே கிடக்கும் தேக்கு பெஞ்சுக்கு ‘தேக்கு எண்ணெய்’ வாங்கலாமா?

பதில்: அது தேக்கிலிருந்து எடுத்த எண்ணெய் இல்லை. பெரும்பாலும் ஆளி விதை எண்ணெயோ டங் எண்ணெயோ, கொஞ்சம் வார்னிஷ், தின்னர் சேர்ந்த கலவை. தடவினால் நிறம் அழகாக எழும்பும், வெயிலிலும் மழையிலும் சீக்கிரம் போய்விடும், திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். தேக்கு மரம் எந்த எண்ணெயும் தடவாமலேயே வெளியில் தாங்கி நிற்கும், வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு மாறும். அந்த நிறம் பிடித்தால் ஒன்றும் வாங்காதீர்கள். தடவுவதானால், துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துத் திறந்த வெளியில் காயப்போடுங்கள்.

கேள்வி: படாக் என்ற சிவப்பு மரத்துக்கு நடுவே வெள்ளை மரம் பதித்த பெட்டி. அசிட்டோனால் துடைத்ததும் வெள்ளை சிவந்துவிட்டது.

பதில்: படாக்கின் சிவப்பு அசிட்டோனிலும் ஸ்பிரிட்டிலும் கரையும். அந்தக் கறையை உப்புத்தாளால் தேய்த்தே எடுக்க வேண்டும். பிறகு அசிட்டோனைத் தொடாமல், தூளை ஊதித் தள்ளிவிட்டு, அரக்கை முதல் கோட்டாக மெல்லிசாக ஸ்ப்ரே செய்யுங்கள். துணியால் இழுத்தால் அரக்கிலுள்ள ஸ்பிரிட்டும் சிவப்பை வெள்ளையின் மேல் கொண்டுபோய்விடும்.