இயற்பியல் வேண்டும், கணக்கு வேண்டாமா?

கேள்வி: எங்கள் ஊர் குலசேகரம் பக்கம். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. எனக்கு பி.எஸ்சி. இயற்பியலில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் ஆண்டில் துணைப்பாடமாகக் கணிதம், வேதியியல், கணினி அறிவியல் மூன்றில் ஒன்றை எடுக்க வேண்டும். கணிதம் எடுத்தால் அரியர் விழும் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். எனக்கும் கணக்கு என்றாலே அலுப்புதான். பரீட்சை முடிந்ததும் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டு, அந்தக் காசில் நண்பர்களோடு பரோட்டா சாப்பிட்டோம். தங்கை இந்த வருடம் பிளஸ் ஒன் போகிறாள். இஸ்ரோவில் சேர வேண்டும் என்பது என் ஆசை. மொழிப்பாடம் தமிழா, மலையாளமா என்பதிலும் குழப்பம். எதை எடுத்தால் நல்லது?
— பெயர் வேண்டாம், குலசேகரம்

பதில்: கணிதம் எடு, தம்பி. பாடத் தேர்வைப் பொறுத்தவரை இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஜூன் பிறந்தால் இந்தக் கேள்வி எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. சீனியர்களின் அரியர் கதையும் தவறாமல் கூடவே வரும். அந்தக் கதையை விடு. உன் கடிதத்தில் நான் மேலே போக முடியாமல் நின்ற இடம் பரோட்டா வரி.

அதை நீ வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று வருடம் இயற்பியல் படிக்கப் போகிறவன், அந்தப் படிப்புக்குத் தேவையான புத்தகங்களைப் பரீட்சை முடிந்த கையோடு பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்திருக்கிறாய். அவற்றில் என்ன இருந்தது என்றாவது நினைவிருக்கிறதா? பிளஸ் டூ கணக்கு இரண்டு தொகுதி, பன்னிரண்டு அத்தியாயம். அணிகள், கலப்பு எண்கள், வெக்டர் இயற்கணிதம், பகுதி வகைக்கெழுக்கள், தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வில் இயற்பியல் தாளின் பாடத்திட்டத்தை எடுத்துப் பார். முதல் பகுதியே கணித முறைகள். அங்கே கேட்பது நீ எடைக்குப் போட்ட அத்தியாயங்களையும் அவற்றின் தொடர்ச்சியையும்தான்.

கணக்கு இல்லாமல் இயற்பியல் படித்துவிடலாம் என்று நீ நினைப்பதால் உன் ஊர்ப்பக்கத்து விஷயம் ஒன்றைச் சொல்கிறேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலைப் பார்த்திருப்பாய். அதில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, மோனசைட்டுக்குள் தோரியம் இருக்கிறது. தோரியம் தானாகச் சிதையும் கதிரியக்கத் தனிமம். அதன் அரை ஆயுள், அதாவது இருக்கும் அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,405 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே ஏறக்குறைய 1,380 கோடி ஆண்டுதான். அப்படியானால் இதை யார் உட்கார்ந்து அளந்தார்கள்? யாரும் காத்திருக்கவில்லை. ஒரு கிராம் தோரியத்தில் எத்தனை அணுக்கள் என்பது தெரியும். அதில் நொடிக்கு நாலாயிரம் சொச்சம் அணுக்கள் சிதைவதை எண்ணிவிடலாம். சிதையும் வேகம் மிச்சமிருக்கும் அணுக்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை ஒரு முதல் வரிசை வகைக்கெழுச் சமன்பாடாக எழுதி, தீர்த்து, மடக்கை எடுத்தால் அந்த 1,405 கோடி வந்து நிற்கும். கருவி எண்ணித் தந்தது அந்த நாலாயிரத்தை மட்டும்தான். மற்றதெல்லாம் கணக்கு. அந்தச் சமன்பாடு உன் பிளஸ் டூ இரண்டாம் தொகுதியில் இருந்தது.

கல்லூரி ஆய்வகத்திலும் இதே கதைதான். ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கொஞ்சமாக இழுத்து விடு, அதிகம் போகக்கூடாது என்று ஆசிரியர் சொல்வார். ஏன்? சிறிய கோணத்தில் சைன் மதிப்பும் ரேடியனில் எழுதிய கோணமும் ஏறக்குறைய ஒன்று என்பதால்தான் அலைவு நேரத்துக்கான எளிய வாய்ப்பாடே பிறக்கிறது. அறுபது டிகிரி இழுத்து விட்டால் அலைவு நேரம் ஏழு சதவீதம் கூடிவிடும், வாய்ப்பாடு பொய்த்துப்போகும். கணக்குத் தெரிந்தவனுக்கு இந்த 'ஏன்' புரியும். தெரியாதவன் பக்கத்து மேசைக்காரனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவான். அரியர் விழுவது அவனுக்குத்தான், அதுவும் கணிதத் தாளில் மட்டும் விழாது.

வேதியியலைப் பல கல்லூரிகள் இரண்டாம் ஆண்டுத் துணைப்பாடமாக வைத்திருக்கின்றன. உன் கல்லூரியில் எப்படி என்று துறைத் தலைவரிடம் கேட்டுக்கொள். கணினியைப் பிறகு கற்றுக்கொள்ள முடியும். ஆனால் இளநிலையில் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிற எம்.எஸ்சி. இடங்கள் பல உண்டு. அந்த வாசல்களைப் பதினெட்டு வயதில் நீயே அடைத்துவிடாதே. இஸ்ரோ ஆசை நல்ல ஆசைதான். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் இஸ்ரோவின் மகேந்திரகிரி மையம், எதிர்ப்பக்கம் திருவனந்தபுரம் போனால் தும்பா ராக்கெட் ஏவுதளம். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் தும்பாவைத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட்டை விட்டார்கள். ஆனால் அங்கே விஞ்ஞானி, பொறியாளர் பணிகளில் பெரும்பகுதி பொறியியல் படித்தவர்களுக்குப் போகிறது. இயற்பியல்காரனுக்கு எம்.எஸ்சி.யும் அதற்கு மேல் ஆராய்ச்சியும்தான் வழி. பி.எஸ்சி. முடித்த கையோடு கூப்பிடுவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதே.

இனி, எனக்குப் பெரிதாகப்படும் விஷயம். பரோட்டா வரிக்கு அடுத்த வரியிலேயே தங்கை பிளஸ் ஒன் போகிறாள் என்று எழுதியிருக்கிறாய். இரண்டையும் ஒரே மூச்சில் எழுதிய உன் கை ஒரு நொடிகூட நிற்கவில்லையா? அவளுக்குப் பள்ளியில் புதுப் புத்தகம் தருவார்கள் என்பாய். தருவார்கள். நீ போட்டுப் பார்த்த கணக்குகள், பரீட்சைக்கு முக்கியம் என்று கோடிட்ட பக்கங்கள், தப்பாய்ப் போட்டு அடித்துத் திருத்திய படிகள் ஆகியவற்றை எந்தப் பள்ளியும் தராது. அவை அவளுக்குச் சேர வேண்டியவை. ஒரு வேளைப் பலகாரத்துக்கு அதை விற்றிருக்கிறாய்.

உன் அப்பா விடியும் முன்னே தோட்டத்தில் நிற்கிறவர். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஓடும் என்பதால் அந்த நேரத்தில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறார். ஜூன் மழை பிடித்தால் வெட்டு அடிக்கடி நின்றுபோகும், கூலி குறையும். அதே ஜூனில்தான் உன் கல்லூரிக் கட்டணமும் தங்கையின் பள்ளிச் செலவும் வந்து நிற்கின்றன. இப்படிப்பட்ட வீட்டில் மூத்தவனின் படிப்பு அவனுக்கு மட்டும் சொந்தமில்லை. அவன் ஏறிய படி அடுத்தவள் ஏறுவதற்கும் இருக்க வேண்டும். அதிலும் பெண் பிள்ளைக்கு. ஊரில் யாராவது நர்ஸிங் போதும் என்று அவள் சார்பில் முடிவெடுப்பதற்குள், அவளுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்குக் கணக்கு அவள் கையில் இருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

ஆகவே கல்லூரி திறக்கும் வரை உனக்கு வேலை இருக்கிறது. தங்கையின் பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் வந்ததும் அவளிடம் இரவல் கேள். கூச்சமாக இருக்கும், கேள். இரண்டாம் தொகுதியில் வெக்டர், எல்லைகள், வகையிடல், தொகையிடல் இருக்கின்றன. எடுத்துக்காட்டுக் கணக்குகளை விடையைப் பார்க்காமல் நோட்டில் போடு. பிளஸ் டூ புத்தகம் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேவையான அத்தியாயங்களை மட்டும் அச்செடுத்துக்கொள். செல்போன் திரையைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டுத் தேறியவர்களை நான் பார்த்ததில்லை.

மொழிப்பாடத்தில் குழப்பம் எதற்கு? பள்ளியில் மலையாளம் எழுதப் படித்திருந்தால் அதை எடு, இல்லையென்றால் தமிழ். மார்க் வரும் என்று கேட்டு மாறாதே. நீ தமிழ் வழியில் படித்தவனாக இருந்தால் கவனம் வைக்க வேண்டியது ஆங்கிலத் தாளில். ஜாம் வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கும்.

அரையாண்டு விடுமுறையில் எனக்கு ஒரு கடிதம் எழுது. உன் மதிப்பெண்ணோடு, தங்கைக்கு எந்த அத்தியாயம் வரை சொல்லிக்கொடுத்திருக்கிறாய் என்பதையும் அதில் எழுது.