ரேஸ் டிரைவருக்கு கூலிங் வெஸ்ட்: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

கோவையில மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிறேன், மாணவர்களே ரேஸ் கார் கட்டி ஓட்டுற ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிக்கான காலேஜ் டீம்ல இருக்கேன். டிசைன் ப்ராஜெக்ட்டுக்கு ரேஸ் டிரைவரோட கழுத்து வலியையும் உடம்பு சூட்டையும் சேர்த்துக் குறைக்கிற மாதிரி, காலர் வெச்ச கூலிங் வெஸ்ட் ஒண்ணு பண்ணலாம்னு இருக்கேன். டீம்ல எல்லாரும் "இதெல்லாம் சொகுசு, லேப் டைம் குறையுமா"ன்னு கேக்குறாங்க. கைடும் யோசிக்கிறார். இது நிஜமாவே இன்ஜினியரிங் ப்ராஜெக்ட் தானா சார்? எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

தம்பி,

சொகுசுன்னு சொல்றவங்களுக்கு 2023 கத்தார் ஃபார்முலா ஒன் ரேஸைக் காட்டுங்க. ராத்திரி ரேஸ்தான், அப்பவும் எஸ்தபான் ஓகோன் ஹெல்மெட்டுக்குள்ளயே வாந்தி எடுத்துட்டு ஓட்டினார், லோகன் சார்ஜென்ட் முடியாம பாதியிலேயே காரை உள்ளே கொண்டுவந்துட்டார். அதுக்கப்புறம்தான் 2025-ல, ரேஸை நடத்துற சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ ரூலே கொண்டுவந்தாங்க, புழுக்கத்தையும் சேர்த்துக் கணக்கு போடுற வெப்பக் குறியீடு (ஹீட் இண்டெக்ஸ்) 31 டிகிரிக்கு மேல போகும்னு ஃபோர்காஸ்ட் வந்தா கார்ல கூலிங் சிஸ்டம் மாட்டியே ஆகணும்னு. அந்த வருஷம் சிங்கப்பூர்ல முதல் தடவையா அது அமலுக்கு வந்துச்சு. குளிர்ந்த திரவம் ஓடுற டியூப் தைச்ச வெஸ்ட்டைப் போட்டுக்கிறதும் விடுறதும் டிரைவர் இஷ்டம்னு விட்டிருந்தாங்க, பெல்ட்டுக்கு அடியில டியூப் உறுத்துதுன்னு வேணாம்னவங்களும் உண்டு. ஃபார்முலா ஒன்லயே இன்னும் சரியா தீராத பிரச்சனை இது, நீங்க தைரியமா எடுக்கலாம்.

ஆனா அந்தக் காலரை விட்டுடுங்க. தலை 5 கிலோ, ஹெல்மெட் ஒண்ணரை கிலோன்னு வெச்சுக்கிட்டா, ஃபார்முலா ஒன் கார் 5 ஜி-யில, அதாவது புவியீர்ப்பைப் போல அஞ்சு மடங்கு விசையில, திரும்பும்போது கழுத்து பக்கவாட்டுல 32 கிலோ தாங்குது. உங்க ஸ்டூடன்ட் கார் ஒண்ணரை ஜி போனா அதிகம், அது 10 கிலோதான். அதுவும் ஆளுக்கு பத்து பதினஞ்சு நிமிஷம். உங்க டிரைவருக்குக் கழுத்து பெரிய பிரச்சனையே இல்ல, பவர் ஸ்டீயரிங் இல்லாத கார்ல கையும் தோளும்தான் முதல்ல விட்டுப்போகும், கூடவே சூடு. அதோட ஆக்சிடென்ட்ல தலையைப் பிடிச்சு நிறுத்துற ஹான்ஸ் கருவி தோள் மேலதான் உக்காருது, உங்க காலர் அதுக்கு இடைஞ்சலா வந்தா விபரீதம்.

ஹான்ஸ் கதையையும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. 1981-ல அமெரிக்க ரேஸ் டிரைவர் ஜிம் டௌனிங்கோட நண்பர் பாட்ரிக் ஜாக்மார் டெஸ்டிங்ல இறந்துபோக, டௌனிங் தன்னோட மச்சான் ராபர்ட் ஹப்பர்ட்கிட்ட போனார். அவர் மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில பயோமெக்கானிக்ஸ் ப்ரொஃபசர். ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண கருவி ஆரம்பத்துல ரொம்பப் பெருசு, சிங்கிள் சீட்டர் காக்பிட்ல நுழையவே நுழையாது, டிரைவர்களும் இடைஞ்சல்னு ஒதுக்கிட்டாங்க. சின்னதாக்கி, ஒவ்வொருத்தரா நம்ப வெச்சு, ஃபார்முலா ஒன்ல கட்டாயமாகுறதுக்கு 2003 ஆயிடுச்சு. உயிரைக் காப்பாத்துற கருவிக்கே இந்த நிலைமைன்னா, உங்க வெஸ்ட்டை டிரைவர் விரும்பிப் போட்டுக்கணும்னா அது எவ்வளவு லேசா, உறுத்தாம இருக்கணும்னு பாத்துக்கோங்க.

இப்ப கணக்குக்கு வருவோம். தீயைத் தாங்குற நோமெக்ஸ் துணியில சூட், உள்ளே இன்னொரு லேயர், தலையையும் முகத்தையும் மூடுற பாலாக்ளாவா, இத்தனைக்கும் உள்ளே வேர்வை காயவே காயாது, சும்மா வழியும், உடம்பு ஆறாது. ஓட்டும்போது டிரைவர் உடம்பு 400 வாட் வெப்பம் வெளியேத்துதுன்னு வெச்சுக்கோங்க. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வாங்கிக்கும். வகுத்துப் பாருங்க, கிட்டத்தட்ட 14 நிமிஷம் வருது. உங்க போட்டியோட நீண்ட ஓட்டமான எண்டூரன்ஸ்ல 22 கிலோமீட்டரை ரெண்டு டிரைவர் பிரிச்சு ஓட்டுறீங்க இல்லையா, சராசரி 50 கிலோமீட்டர் வேகம்னா ஆளுக்கு 13 நிமிஷம். ஒரு கிலோ ஐஸ், ஒரு சின்ன பம்ப், டியூப் தைச்ச ஒரு பனியன், அவ்வளவுதான்! இந்தக் கணக்கைக் கைடுகிட்ட காட்டினா அவர் யோசிக்க மாட்டார்.

ஐஸ் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு எடை மெஷின் வாங்குங்க. டிரைவரை ஓட்டுறதுக்கு முன்னாடி சூட் போடாம லேசான காஞ்ச துணியோட எடை பாருங்க, ஓட்டி முடிச்சு நனைஞ்ச சூட்டைக் கழட்டி, வேர்வையைத் துடைச்சுட்டு அதே மாதிரி காஞ்ச துணியோட திரும்ப எடை பாருங்க, நடுவுல குடிச்ச தண்ணியைக் கணக்குல சேத்துக்கோங்க. 60 கிலோ ஆள் 1.2 கிலோ இழந்தா அது 2 சதவீதம், அந்த அளவுக்குத் தண்ணி போனாலே கவனம் சிதற ஆரம்பிக்கும், லேப் டைம் கேட்ட நண்பர்களுக்கு அதுதான் பதில். நெஞ்சுல ஹார்ட் ரேட் ஸ்ட்ராப்பும் கட்டிவிடுங்க. வெஸ்ட் இல்லாம முதல்ல, அப்புறம் வெஸ்ட்டோட. இதையெல்லாம் ஜனவரியில உங்க கோவை கரி ஸ்பீட்வே ட்ராக்ல பண்ணாதீங்க, அந்தக் குளிர்ல எந்த வெஸ்ட்டும் நல்லாத்தான் இருக்கும். மே மாச மத்தியானத்துல பண்ணுங்க, முடிஞ்சா சென்னைக்குப் பக்கத்துல இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல, அங்க வெயிலோட புழுக்கமும் சேர்ந்துக்கும். பக்கத்துல ஒருத்தர் எப்பவும் நிக்கட்டும், டிரைவர் தலை சுத்துதுன்னு சொன்ன அடுத்த நொடியே நிறுத்திடுங்க.

இன்னொண்ணு, டிரைவர் 5 செகண்டுக்குள்ள காரை விட்டு வெளிய வரணும்னு உங்க ரூல் புக்லயே இருக்கு. டியூப் கனெக்டரைக் கையால கழட்டுற மாதிரி வெச்சா அங்கேயே ஃபெயில், எழுந்த வேகத்துல தானா பிச்சுக்கிட்டு வரணும், தண்ணியும் சிந்தக் கூடாது. பம்பை வேணும்னே நிறுத்திட்டும் ஒரு டெஸ்ட் பண்ணுங்க. தண்ணி ஓடலைன்னா டியூப்ல நிக்கிற தண்ணி சூடேறி, கூலிங் வெஸ்ட்டே கம்பளி மாதிரி ஆயிடும். அந்த ரிசல்ட் எப்படி வந்தாலும் மறைக்காம ரிப்போர்ட்ல போடுங்க, எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க.