அண்ணாச்சி பதில்கள்: ‘பாகத்தைச் சரிபார்க்க முடியவில்லை’

கேள்வி: அண்ணாச்சி, தாழையூத்து பஸ்ஸில் இறங்கும்போது போன் கை தவறி விழுந்து டிஸ்ப்ளே நொறுங்கிவிட்டது. வண்ணார்பேட்டையில் தெரிந்த கடையில், அதே மாடல் போனிலிருந்து கழற்றிய டிஸ்ப்ளேயைக் கண் முன்னால் போட்டார்கள். இருந்தும் ‘பாகத்தைச் சரிபார்க்க முடியவில்லை’ என்று அறிவிப்பு வருகிறது, வெளிச்சத்துக்கு ஏற்ப நிறம் மாறுவதும் நின்றுவிட்டது. ஏமாந்துவிட்டேனா?
(மேலப்பாளையம் வாசகர்)

பதில்: கடைக்காரர் மேல் கோபப்படாதீர்கள் தம்பி. அசல் டிஸ்ப்ளே போட்டாலும் இது வரும். சில கம்பெனிகள் டிஸ்ப்ளே, பேட்டரி, கேமரா ஒவ்வொன்றின் சீரியல் எண்ணையும் போனின் மெயின் போர்டோடு சாப்ட்வேரில் கோத்து வைக்கின்றன, எண் மாறினால் பாகம் எவ்வளவு நல்லதானாலும் போன் அதை முழுசாக ஏற்காமல் போகலாம். அரிவாள் பிடி கழன்றால் பட்டறையில் வேறு பிடி போட்டு வாங்கி வருகிறோம், செய்தவரிடம் போய் அனுமதி கேட்பதில்லை. முழுக் காசு கொடுத்து வாங்கிய போனுக்கு மட்டும் ஏன் கேட்க வேண்டும்?

சரி, உடைந்த டிஸ்ப்ளேயைக் கேட்டு வாங்கி வந்தீர்களா? கண்ணாடி நொறுங்கியிருந்தாலும் அதன் ஸ்ட்ரிப்பில் (போர்டோடு இணைக்கும் பட்டையில்) இருக்கும் ஐசி என்ற சின்னச் சிப் நன்றாக இருந்தால், அதிலுள்ள எண்ணைப் புரோகிராமர் என்ற சின்னக் கருவியில் படித்துப் புதியதில் எழுதலாம், நிறம் மாறும் வசதி பெரும்பாலும் திரும்பிவிடும். அறிவிப்பும் போக வேண்டுமென்றால் அந்த ஐசியையே சூடு காட்டிக் கழற்றிப் புது டிஸ்ப்ளேயில் வைக்க வேண்டும். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் செய்கிற வேலை அது, எல்லா மாடலுக்கும் ஒத்துவராது, கை பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் இப்படிக் கோப்பதற்கே சட்டத்தால் தடை போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். நம் நாட்டில் 2022இல் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து இணையதளமும் திறந்தது, ஆனால் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம்தான் வேண்டும். அதுவரை தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போட்டுத் தமிழிலேயே புகாரைப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: பிள்ளையின் டேப்லெட்டில் கீறல்கூட இல்லை, பேங்க் ஆப் மட்டும் ‘ஆண்ட்ராய்டு பழசு’ என்று திறக்க மறுக்கிறது.
(அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான் அக்கா. சில மாடல்களில் பூட்லோடர் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் புரோகிராம்) பூட்டைத் திறந்து, லினேஜ்ஓஎஸ் என்ற இலவச ஆண்ட்ராய்டு வகையைப் போடலாம், ஆனால் அப்படிப் போட்டதில் பேங்க் ஆப்கள் அடம்பிடிக்கும். அதனால் பேங்க் வேலையைப் போனுக்கு மாற்றிக்கொண்டு, டேப்லெட்டைப் பிள்ளையின் பாடத்துக்கு விட்டுவிடுங்கள். அடுத்து வாங்கும்போது எத்தனை வருஷம் அப்டேட் என்று முதலில் கேளுங்கள். 2023இல் வந்த கூகுள் பிக்சல் 8க்கும் 2024இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24க்கும் 7 வருஷம் சொல்லியிருக்கிறார்கள்.