இரண்டு புறநகர், ஒரு வீடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டு புறநகர்களுக்கு நடுவே மூன்று மாதமாகத் தவிக்கிறோம். ஒன்று நகருக்குக் கிழக்கே 18 கிலோமீட்டரில் இருக்கிறது. இரண்டு படுக்கையறை, ரயில் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். மற்றது மேற்கே 27 கிலோமீட்டர். அதே விலைக்கு மூன்று படுக்கையறையும் சின்னத் தோட்டமும் கிடைக்கிறது. என் அலுவலகம் நகர மையத்தில், கணவருக்கு வடக்குப் பக்கம். மகளுக்கு எட்டு வயது. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: முதலில் கிலோமீட்டரை ஓரமாக வையுங்கள். 27 கிலோமீட்டரை நாற்பது நிமிடத்தில் கடக்கிற பாதையும் உண்டு, 18 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கிற பாதையும் உண்டு. உங்கள் வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலி வரை எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு.

அதை அளக்கிற விதத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடு பார்க்கப் போனால் சாலை காலியாகத்தான் இருக்கும். வேலைநாளில், நீங்கள் நிஜமாகக் கிளம்பப்போகும் நேரத்துக்கு, அந்த வீட்டு வாசலிலிருந்தே கிளம்பிப் பாருங்கள். குறைந்தது ஐந்து நாள், அதில் ஒரு திங்கள், ஒரு மழைநாள் கட்டாயம் இருக்கட்டும். மாலைத் திரும்பும் பயணத்தையும் தனியாக அளந்துகொள்ளுங்கள், காலையும் மாலையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எல்லா நாளும் போக முடியாவிட்டால், கூகுள் மேப்ஸில் ‘இத்தனை மணிக்குக் கிளம்பினால்’ என்று நேரம் குறித்துத் தேடுங்கள். 35 முதல் 65 நிமிடம் என்பதுபோல ஒரு வீச்சு காட்டும். அதில் பெரிய எண்ணையே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருந்தாக வேண்டியவர் மோசமான நாளுக்கும் சேர்த்துத்தான் தினமும் கிளம்ப வேண்டியிருக்கும். சராசரியை நம்பிக் கிளம்பினால் வாரத்தில் இரண்டு நாள் தாமதம்தான்.

ரயில் என்றால் பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள்: நிலையத்துக்கு நடை, நடைமேடைக் காத்திருப்பு, வண்டிக்குள், மாறும் இடம், கடைசி நடை. ஜப்பானில் ‘நிலையத்திலிருந்து இத்தனை நிமிட நடை’ என்று வீட்டு விளம்பரத்தில் போடுவதற்கே விதி உண்டு. 80 மீட்டருக்கு ஒரு நிமிடம், மிச்சம் இருந்தால் அதற்கும் ஒரு முழு நிமிடம். அந்தக் கணக்கிலும் சிக்னலில் நிற்பதும் மேடு ஏறுவதும் சேராது. எனவே விளம்பரத்தில் ‘பத்து நிமிடம்’ என்று பார்த்தால், மகளையும் பையையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு நம்புங்கள். வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்பது அதைவிட முக்கியம். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம், தவறவிட்டாலும் பத்தோடு போயிற்று. அரைமணிக்கு ஒன்று என்றால், முதல் வண்டி நான்கு நிமிடம் தாமதமானதற்கு மாறும் இடத்தில் முப்பது நிமிடம் நிற்க நேரும். இரவு கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்துவையுங்கள்.

இப்போது கூட்டல். மேற்குப் புறநகரில் ஒரு வழிக்கு 25 நிமிடம் கூடுகிறது என்று வைப்போம். ஒரு நாளுக்கு 50 நிமிடம், வருடத்துக்கு 230 வேலைநாள் என்றால் 11,500 நிமிடம், அதாவது சுமார் 192 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் 24 நாள், அதுவும் ஒருவருக்கு மட்டும். மூன்றாவது படுக்கையறையையும் இதே தராசில் வையுங்கள்: விருந்தினர் வருடத்தில் எத்தனை இரவு தங்குவார்கள்? இருபதா, முப்பதா? அறையைக் கண்ணால் பார்த்துவிடுகிறோம், போக்குவரத்து நெரிசல் வீடு பார்க்கும் நாளில் கண்ணில் படுவதில்லை. அதனால்தான் அறைக்கு அதிக மதிப்பும் பயணத்துக்குக் குறைந்த மதிப்பும் போட்டுவிடுகிறோம். பொருளியலாளர்கள் புரூனோ ஃப்ரேயும் அலோயிஸ் ஸ்டட்சரும் ஜெர்மனியின் நெடுநாள் குடும்பக் கணக்கெடுப்பை வைத்து 2008இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. பயண நேரம் கூடியவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருந்தது, பெரிய வீடோ கூடுதல் சம்பளமோ அதை முழுதாக ஈடுகட்டவில்லை.

கார் ஓட்டிப் போகிறவர் என்றால் இன்னொன்றும் உண்டு. நகருக்கு மேற்கே குடியிருப்பவர் காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் ஓட்டுகிறார். இரண்டு வேளையும் சூரியன் முகத்தில்தான். கிழக்கே இருப்பவருக்கு இரண்டு வேளையும் முதுகில். சின்ன விஷயம்தான், ஆனால் வருடக்கணக்கில் தினமும் இரண்டு முறை.

மகளுக்கு எட்டு வயது என்கிறீர்கள். அவளுடைய பன்னிரண்டாம் வயதை வைத்து யோசியுங்கள். பள்ளி, நூலகம், விளையாட்டு, தோழி வீடு என்று அவள் தானாகப் போய்வர நடைபாதையும் பாதுகாப்பாகக் கடக்கும் இடமும் பேருந்தும் இருக்கிறதா? இல்லாத புறநகரில் பெற்றோர்தான் ஓட்டுநர். தோட்டத்தில் உட்கார நினைத்த சனி, ஞாயிறு இரண்டும் அதிலேயே கரைந்துவிடும்.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துச் சொன்னால், என் ஓட்டு கிழக்குக்கு. இருவரில் யார் வேலை மாறினாலும் ரயில் இருக்கும் இடத்திலிருந்து வேறு திசைக்குப் போக வழி இருக்கும். ஆனால் கணவரின் வடக்குப் பயணத்தையும் அதே ஐந்து நாள் முறையில் அளந்த பிறகே முன்பணம் கொடுங்கள். உங்களுக்கு மிச்சமாகும் நேரம் அவருக்குக் கூடினால் கணக்கே மாறிவிடும்.

கேள்வி: நாங்கள் பார்த்த இடம் ‘நூறாண்டு வெள்ள எல்லை’க்குள் வருகிறது. “நூறு வருஷத்துக்கு ஒருமுறைதானே, உங்கள் காலத்தில் வராது” என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: அந்தப் பெயரே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. நூறாண்டு வெள்ளம் என்றால் எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு உண்டு என்று பொருள். போன வருடம் வந்ததால் இந்த வருடம் வராது என்பதில்லை. 20 ஆண்டுக் கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வரும் வாய்ப்பு 18 சதவீதம், 30 ஆண்டில் 26 சதவீதம். அதாவது நாலில் ஒன்று. ‘பத்தாண்டு வெள்ளம்’ தொடும் இடமென்றால் 20 ஆண்டில் 88 சதவீதம், வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் பழைய மழைக் கணக்கை வைத்துப் போட்டது. சுற்றிலும் கான்கிரீட் கூடக்கூட மண்ணில் இறங்கும் நீர் குறைந்து, ஓடிவரும் நீர் கூடும்.

தெருவிலேயே பல தடயங்கள் இருக்கும். சுற்றுச்சுவரில் ஒரே மட்டத்தில் நீளமாக ஓடும் கறை, இரும்புக் கதவின் அடிப்பகுதியில் மட்டும் துரு, சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயிண்ட், தரைத்தளத்தில் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி வைத்த மின் பிளக்குகள். தெருவில் புதிதாகக் கட்டிய வீடுகள் எல்லாம் நாலைந்து படி உயர்ந்திருந்து, பழைய வீடுகள் மட்டும் சாலையைவிடத் தாழ்ந்திருந்தால், சாலை மேல் சாலை போட்டு உயர்த்திவிட்டார்கள். மழைநீர் இனி அந்தப் பழைய வீடுகளைத் தேடித்தான் போகும்.

விசாரிக்கும்போது “இங்கே தண்ணீர் நிற்குமா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் பதில் வரும். “கடைசிப் பெருமழையில் எதுவரை ஏறியது, எத்தனை நாளில் வடிந்தது?” என்று கேளுங்கள். அதையும் சொந்த வீட்டுக்காரர்களிடம் கேட்பதைவிட வாடகைக்கு இருப்பவர்களிடமும் தரைத்தளத்தில் கடை வைத்திருப்பவர்களிடமும் கேளுங்கள். வீட்டு மதிப்பு குறைந்துவிடுமோ என்ற கவலை அவர்களுக்கு இல்லை.

கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தால் அந்த இடம் முன்பு ஏரியா, வயலா, ஓடையா என்பது தெரியும். ஆனால் இணைய வரைபடங்கள் காட்டும் கடல்மட்ட உயரத்தை வைத்து ‘இந்தத் தெரு அந்தத் தெருவைவிட ஒன்றரை மீட்டர் உயரம்’ என்று முடிவுகட்டாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் பரவலாகப் பயன்படும் ஒன்று 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்தது. பல மீட்டர் வரை பிழை இருக்கும், மரத்தின் உச்சியையும் கூரையையும் தரை என்று எடுத்துக்கொண்டிருக்கும். பெருமழை விட்ட ஒரு மணி நேரத்தில் நேரில் போய் நின்று, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது இதைவிட நம்பகமானது.

வீடு மேட்டில் இருந்தும் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. புறநகரை வெளியுலகோடு இணைக்கும் ஒரே வழி ரயில்பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை என்றால், அது நிரம்பியதும் ஊரே தீவு. தாழ்வான மூலையில் மின்மாற்றி இருந்தால் மின்சாரமும் போகும். வீட்டுக்குள் வெள்ளம் நுழையாவிட்டாலும், சாக்கடை நிரம்பினால் தரைத்தளக் கழிவறை வழியாக எதிர்த்து வரும். கழிவுநீர்க் குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டில் மெட்ரோ வரப்போகும் புறநகர் ஒன்று. விலை இப்போதே ஏறிவிட்டது. வாங்கலாமா?

பதில்: நியூயார்க்கின் இரண்டாவது அவென்யூ சுரங்க ரயில் 1920களிலேயே திட்டத்தில் இருந்தது. அதன் முதல் மூன்று புது நிலையங்கள் திறந்தது 2017 ஜனவரி 1 அன்று. எல்லாத் திட்டமும் இப்படி இழுக்காது. ஆனால் பென்ட் ஃப்ளூபியரும் உடனாய்வாளர்களும் 258 போக்குவரத்துக் கட்டுமானங்களை எடுத்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பதில் செலவு மதிப்பீட்டைத் தாண்டியிருந்தது. ரயில் திட்டங்களில் சராசரி மீறல் சுமார் 45 சதவீதம். பணம் தட்டுப்பட்டால் வேலை நிற்கும், நிறுத்தமே பட்டியலிலிருந்து போகவும் கூடும்.

அறிவிப்பு, ஆய்வறிக்கை, நிதி ஒப்புதல், நிலம் கையகப்படுத்தல், ஒப்பந்தம், தூண் என்று வரிசையில் உங்கள் நிறுத்தம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நிலம் கைக்கு வந்து தூண் எழும்பும் வரை மெட்ரோவுக்கு மதிப்பு பூஜ்யம் என்று வைத்து, இன்றைய பேருந்தோடும் இன்றைய சாலையோடும் அந்த விலை தகுமா என்று கேளுங்கள். தகும் என்றால் வாங்கலாம். இன்னொன்று, வேலை தொடங்கிவிட்டால் பிரதான சாலை பாதியாகக் குறுகி, இப்போதுள்ள பயண நேரமும் கூடும்.

கேள்வி: இரண்டு இடமும் அமைதியாகத்தான் தெரிகிறது. ஒன்றுக்கு ஏழு கிலோமீட்டரில் விமான நிலையம். அது தொந்தரவாகுமா?

பதில்: நீங்கள் போன நாளில் காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதைப் பொறுத்தது. விமானங்கள் காற்றை எதிர்த்தே ஏறும், காற்றை எதிர்த்தே இறங்கும். பருவம் மாறிக் காற்று திரும்பினால், இன்று அமைதியாக இருக்கும் ஓடுபாதை முனையில்தான் சத்தம் அதிகமாகும். ஓடுபாதையின் நேர்கோட்டை வரைபடத்தில் நீட்டிப் பாருங்கள். வீடு அந்தக் கோட்டின் மேலோ அருகிலோ விழுந்தால் இரண்டு பருவத்திலும் போய் இரவில் கேட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் விலகியிருந்தால் ஏழு கிலோமீட்டர் பெரிய பயமில்லை.

உலக சுகாதார அமைப்பு ஐரோப்பாவுக்காக 2018இல் தந்த பரிந்துரையில் பகல்-மாலை-இரவு சராசரிக்கான உச்சவரம்பு சாலை இரைச்சலுக்கு 53 டெசிபல், விமான இரைச்சலுக்கு 45 டெசிபல். போன் செயலி துல்லியமாக அளக்காது. ஆனால் ஒரே போனை இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்துக்கு, படுக்கையறை ஜன்னலைத் திறந்து வைத்துப் பிடித்தால் எது அதிகம் என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: பத்து அம்சத்துக்கு மதிப்பெண் போட்டோம். ஒன்றுக்கு 71, மற்றதற்கு 73. இருவருக்கும் ஒத்துவரவில்லை. என்ன செய்வது?

பதில்: 71க்கும் 73க்கும் வித்தியாசமே இல்லை. கூட்டல்தான் உங்களைக் குழப்புகிறது. பூங்காவுக்குக் கிடைத்த எட்டு மதிப்பெண், வெள்ளத்துக்குக் கிடைத்த இரண்டை மறைத்துவிடும். முதலில் ஆளுக்கு மூன்று ‘முடியவே முடியாது’களை, ஒருவர் மற்றவரிடம் காட்டாமல் எழுதுங்கள்: ஒன்றேகால் மணிக்கு மேல் பயணம் கூடாது, தரைத்தளத்தில் நீர் ஏறிய தெரு கூடாது, இப்படி. அதில் அடிபடும் இடத்துக்கு மதிப்பெண்ணே வேண்டாம். இரண்டும் தப்பித்தால், பிறகு திருத்த முடியாதவற்றை மட்டும் ஒப்பிடுங்கள்: இடம், திசை, தரைமட்டம், பயணம். சமையலறையும் தரை ஓடும் பிறகு மாற்றிக்கொள்ளக் கூடியவை.

அப்படியும் சமமாக நின்றால், நீங்கள் சந்தேகப்படும் புறநகரில் மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். வாங்கிவிட்டுப் பிடிக்காமல் விற்றால் பதிவுச் செலவு, தரகு, கடன் கட்டணம், வீடு மாற்றும் செலவு என்று எல்லாவற்றையும் இரண்டாம் முறை கட்ட வேண்டும். அதோடு ஒப்பிட்டால் மூன்று மாத வாடகை சிறிய தொகை. அந்த மூன்று மாதமும் மழைக்காலமாகவும் பள்ளி நடக்கும் காலமாகவும் பார்த்து அமைத்துக்கொள்ளுங்கள். விடுமுறையில் போய்த் தங்கினால் சாலையும் காலி, வகுப்பும் காலி.