மோஷன் டெஸ்ட் நார்மல், ஆனால் பேதி நிற்கவில்லை: எச்.ஐ.வி. உள்ளவருக்கு எந்தப் பரிசோதனையைக் கேட்பது?

கடலூர் முதுநகரில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "என் வீட்டுக்காரருக்கு 43 வயது, எச்.ஐ.வி. இருக்கிறது. கூட்டு மருந்தை ஒரு வருடம் போல விட்டுவிட்டு இப்போது இரண்டு மாதமாகத்தான் திரும்பச் சாப்பிடுகிறார். ஐந்து வாரமாகத் தண்ணீர் தண்ணீராகப் போகிறது, ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை. ஆள் பாதியாகிவிட்டார். பூச்சி மாத்திரை கொடுத்தேன், ஒரு கிளினிக்கில் மெட்ரோனிடசோல் கொடுத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. தனியார் லேபில் மோஷன் டெஸ்ட் எடுத்தோம், நார்மல் என்றார்கள். எச்.ஐ.வி. விஷயத்தை எங்கேயும் சொல்லவில்லை. கூட்டு மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லையோ, நிறுத்திவிடலாமா? நாங்கள் கேன் தண்ணீர்தான் குடிக்கிறோம். பிள்ளைகளுக்கு ஒட்டுமா?"

முதலில் ஒன்று அம்மா, கூட்டு மருந்தை, அதாவது எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கிற ஏ.ஆர்.டி. மாத்திரையை, நிறுத்தாதீர்கள், ஒரு வேளை கூட. இப்போது கொடுக்கிற மாத்திரையால் சிலருக்கு ஆரம்பத்தில் வயிறு கொஞ்சம் இளகும்தான், ஆனால் அது பெரும்பாலும் லேசாக வந்து தானாகப் போய்விடும். ஐந்து வாரம் தண்ணீராகப் போய் ஆளையும் உருக்குகிற பேதியை மாத்திரையின் தலையில் போட்டுவிட்டு உட்கார முடியாது.

சரி, அந்த நார்மல் ரிப்போர்ட்டுக்கு வருவோம். புதுச்சேரியில் பல வருடம் நுண்ணுயிரியல் லேபில் மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த ரிப்போர்ட் பொய் இல்லை, ஆனால் அவரிடம் தேட வேண்டியதை அங்கே தேடியிருக்க மாட்டார்கள். சாதாரண மோஷன் டெஸ்டில் ஒரு துளி மலத்தை உப்புத் தண்ணீரிலும் அயோடினிலும் கரைத்துப் பார்ப்போம். புழு முட்டை, அமீபா, ஜியார்டியா எல்லாம் அதில் தெரியும். நோய் எதிர்ப்புச் சக்தி இறங்கினவர்களுக்கு மாதக்கணக்கில் பேதி கொடுக்கிற கிரிப்டோஸ்போரிடியம் என்கிற ஒட்டுண்ணி அதில் அநேகமாகத் தப்பிவிடும். அதன் முட்டை மாதிரியான உருண்டை 4 முதல் 6 மைக்ரான்தான், ரத்தச் சிவப்பணுவை விடச் சின்னது. அயோடினில் நிறம் ஏறாமல் ஈஸ்ட் மாதிரி கிடக்கும், பார்க்கிறவர் தாண்டிப் போய்விடுவார். அதே மலத்தைச் சளியில் டிபி கிருமி தேடுகிற சாய முறையைக் கொஞ்சம் மாற்றிச் செய்து பாருங்கள், நீலப் பின்னணியில் குங்குமப் பொட்டு தெளித்த மாதிரி சிவப்புச் சிவப்பாக நிற்கும். இதற்கு 'மாடிஃபைடு ஆசிட் ஃபாஸ்ட்' சாயம் என்று பெயர். அதைக் கேட்டுத்தான் செய்ய வைக்க வேண்டும், கேட்காத லேபில் செய்ய மாட்டார்கள்.

அதைக் கேட்கவேண்டிய டாக்டருக்கு எச்.ஐ.வி. விஷயம் தெரியாததால்தான் உங்கள் வீட்டில் இது நடக்கவில்லை. நீங்கள் ஏன் மறைத்தீர்கள் என்று எனக்குப் புரிகிறது, சின்ன ஊர், கிளினிக் வாசலில் பக்கத்துத் தெருக்காரர் உட்கார்ந்திருப்பார். ஆனால் எச்.ஐ.வி. என்று தெரியாத டாக்டர் இதைச் சாதாரணப் பேதியாகத்தான் பார்ப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது. அதனால் விஷயம் ஏற்கெனவே தெரிந்த இடத்துக்கே போங்கள். மாதாமாதம் மாத்திரை வாங்குகிற ஏ.ஆர்.டி. மையத்தில் புதிதாக யாரிடமும் எதையும் சொல்லவேண்டியதில்லை. அங்கே இந்தச் சாயப் பரிசோதனை இல்லையென்றால் ஜிப்மர் மாதிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். 2017-ல் வந்து 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, அவர் சம்மதம் இல்லாமல் அவருடைய நிலையை மருத்துவமனை வெளியே சொல்லக்கூடாது. சந்தேகம் இருந்தால் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்குக் கூப்பிட்டுக் கேளுங்கள், இலவசம்தான்.

மலத்தை ஒரே நாள் கொடுத்தால் போதாது. இந்த ஒட்டுண்ணிகள் தினமும் ஒரே அளவில் வெளியே வருவதில்லை, அதனால் வேறு வேறு நாளில் மூன்று தடவை கொடுக்க வேண்டும். காய்ந்த, சுத்தமான டப்பாவில் பிடியுங்கள், சிறுநீர் கலக்கக்கூடாது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேரட்டும். ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணுகிற சி.டி.4 பரிசோதனையும் கூடவே கேளுங்கள், ஒரு வருடம் மருந்து இல்லாமல் இருந்தவருக்கு அந்த எண்ணிக்கை நிறைய இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

கிரிப்டோஸ்போரிடியம் என்று வந்தால் அதை நேராக அடிக்கிற நம்பகமான மருந்து கிடையாது. நைட்டசாக்ஸனைடு கொடுத்துப் பார்ப்பார்கள், சக்தி குறைந்தவர்களிடம் அது அவ்வளவாக வேலை செய்யாது. சி.டி.4 நூறுக்குக் கீழே இருக்கும் வரை அது குடலை விடாது, கூட்டு மருந்து ஏற ஏற உடம்பே அதை வெளியே தள்ளிவிடும். நிறுத்தாதீர்கள் என்று முதலிலேயே நான் கத்தியது இதற்காகத்தான்.

இதே சாயத்தில் தெரிகிற இன்னொரு ஒட்டுண்ணியான சிஸ்டோஐசோஸ்போரா என்று வந்தால் நல்ல சேதி, கோட்ரைமாக்ஸசோல், அதாவது நம் ஊரில் செப்ட்ரான் என்று சொல்கிற மாத்திரை, அதை நன்றாகவே கட்டுப்படுத்தும். ஆனால் திரும்ப வரும் குணம் உள்ளது, அதனால் டாக்டர் சொல்லும் வரை குறைந்த அளவில் தொடர வேண்டும். இதே மாத்திரையைத் தடுப்புக்காக ஏ.ஆர்.டி. மையத்திலேயே கொடுத்திருப்பார்கள், அவர் சாப்பிடுகிறாரா பாருங்கள். பெரிய மாத்திரை, விழுங்கக் கஷ்டம் என்று அலமாரியில் அடுக்கி வைத்தவர்கள் நிறையப் பேர். உடம்பில் தடிப்பு வந்தால் மட்டும் இந்தச் செப்ட்ரானை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் வெறுங்காலோடு வேலை செய்கிறவரா? அப்படியானால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். மண்ணில் இருந்து பாதம் வழியாக ஏறுகிற ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்கிற புழு உண்டு, அதற்கு ஐவர்மெக்டின். ஸ்டீராய்டு கொடுத்தால் இந்தப் புழு உடம்பு முழுக்கப் பரவி ஆளையே எடுத்துவிடும் என்பதால் டாக்டருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். நீங்கள் கொடுத்த பூச்சி மாத்திரை உருண்டைப் புழு, கொக்கிப் புழுவுக்கானது, ஒரு செல் ஒட்டுண்ணியான கிரிப்டோவை அது தொடவே தொடாது. மலத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டால் குடல் டிபியும் பார்ப்பார்கள்.

இளைத்துவிட்டாரே என்று இரும்புச்சத்து டானிக், கால்சியம், நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி எதையாவது கொடுக்கிறீர்களா? டோலுடெக்ராவிர் உள்ள கூட்டு மாத்திரையை இவை குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போகாது. கூட்டு மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து இவற்றைக் கொடுங்கள், இல்லையென்றால் ஆறு மணி நேரம் முன்னாடியே கொடுத்துவிடுங்கள்.

கேன் தண்ணீரும் கொதிக்க வைத்துத்தான் அவருக்கு. ஆர்.ஓ. வடிகட்டி சரியாக இருந்தால் கிரிப்டோவைப் பிடிக்கும், ஆனால் அந்த கேனை எதில் கழுவினார்கள், வடிகட்டியை எப்போது மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? குளோரினுக்கும் இது சாகாது. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் சுத்திகரித்து விட்ட குழாய்த் தண்ணீராலேயே சுமார் நான்கு லட்சம் பேருக்குப் பேதி வந்தது, இறந்தவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் செத்துவிடும். நீராகாரம் கொடுப்பதாக இருந்தால் ராத்திரி சோற்றில் ஊற்றுகிற தண்ணீரும் கொதித்து ஆறினதாக இருக்கட்டும். மழை வெள்ளம் வந்து வடிந்த நாட்களில் இதில் இன்னும் கவனம்.

பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. இதனால் ஒட்டாது. பேதி ஒட்டலாம், நல்ல சக்தி உள்ள பிள்ளைக்கு இரண்டு மூன்று வாரத்தில் தானாகச் சரியாகும். கக்கூஸ் போய் வந்த பிறகும் சமைக்கும் முன்பும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவுங்கள், சானிடைசர் இந்த ஒட்டுண்ணியைக் கொல்லாது. வீட்டில் கன்றுக்குட்டி இருந்து அதற்குக் கழிச்சல் என்றால் அவர் அதன் பக்கம் போக வேண்டாம்.

இப்போதைக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறின தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு முறை போன பிறகும் கொடுங்கள், உப்புப் போட்ட கஞ்சி கொடுங்கள், பாலைக் கொஞ்ச நாள் குறையுங்கள். பேதியை நிறுத்துகிற மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள். ரத்தம் போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, ஆறு மணி நேரம் சிறுநீரே போகாவிட்டாலோ, மாத்திரை வாந்தியில் வந்துவிட்டாலோ டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். போகும்போது ஏ.ஆர்.டி. அட்டை, அந்த நார்மல் ரிப்போர்ட், அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டையும் ஒரே பையில் இருக்கட்டும்.